இடையில் இருந்த சாமி

"இடையில எங்க?" என்று கேட்காமல் அவர் எவரையும் விட்டதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டன் செவன் கிங்ஸில் ஒரு வீட்டில் நாங்கள் ஆறு ஆண்கள் ஒன்றாக இருந்தோம். நான் அங்கே போய்ச் சேர்ந்த அன்று கதவைத் திறந்தவர் அவர்தான். கட்டையான மனிதர், ஐம்பது வயதிருக்கும், காதுக்குள்ளே மயிர், நெற்றியில் அழிந்தும் அழியாமலும் மூன்று குறி திருநீறு. பெட்டியைக் கீழே வைக்கவும் விடவில்லை.

"தம்பி எப்ப நாட்டை விட்டு வெளிக்கிட்டனீர்?"

"எண்பத்து மூண்டு முடிய."

"லண்டனுக்கு?"

"எண்பத்தஞ்சு கடைசியில."

விரலை மடித்துப் பார்த்தார். "அப்ப இடையில எங்க?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இடையில் நான் எங்கே இருந்தேன் என்பதை என் தாய்க்கே சொன்னதில்லை. "சும்மா, அங்கை இஞ்சை" என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை என்று முகத்திலே எழுதி ஒட்டியிருந்தது. பிறகு நான் குளிக்கப் போகிறபோதும், சோறு போட்டுக்கொண்டு இருக்கிறபோதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், விட்ட இடத்தைத் தேடுகிற மாதிரி.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணை. தெருவில் "இடையில எங்க அண்ணை" என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும்.

இந்தக் கேள்விக்கு ஆள் பேர் வித்தியாசம் கிடையாது. யாராவது கல்யாண வீடியோ கொண்டு வந்தால் எல்லோரும் சாப்பாட்டையும் சேலையையும் பார்ப்போம். அவர் மட்டும் நிமிர்ந்து இருப்பார். மாப்பிள்ளை மணவறைக்கு வருகிறார், அடுத்த காட்சியில் பெண்ணின் கழுத்தில் தாலி. "நிப்பாட்டு, நிப்பாட்டு! இடையில எங்க? தாலி கட்டினது எங்க?" கமராக்காரன் அந்த நேரம் சாப்பிடப் போயிருப்பான் என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஊரிலிருந்து கடிதம் மாசியில் எழுதி வைகாசியில் வந்தால், வாசிக்க முதல் உறையை மூக்கில் வைத்து மணந்து பார்ப்பார். "மூண்டு மாசம் இது எங்க கிடந்தது?" உறையிலே ஒரு மணமும் இருக்காது, அல்லது எல்லா மணமும் இருக்கும். அவருடைய அகதி வழக்கு ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு மாறிவிட்டது என்று ஒருமுறை கடிதம் வந்தது. பழைய கந்தோரில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள், புதிய கந்தோரில் இன்னும் வரவில்லை என்றார்கள். அன்று மனுசன் சாப்பிடவே இல்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன், ஆனால் அவர் எரிச்சலைக் கவனிக்கிற ஆள் இல்லை.

"நான் இருபத்தாறு வருஷம் றெயில்வேயில நிண்டனான் தம்பி. என்ர ஸ்டேஷனை விட்டுக் கோச்சி வெளிக்கிட்டா நான் மணி அடிச்சுச் சொல்லவேணும். அடுத்த ஸ்டேஷனுக்கு அது போய்ச் சேந்தா அங்கயிருந்து மணி வரும். அந்த மணி வருமட்டும் கோச்சி ஆற்ற பொறுப்பு? அங்க நிக்கிறவனும் பொறுப்பில்லை, நானும் கண்ணால காணேல்லை. இடையில கிடக்கு. அந்த நேரத்தில ஒரு வாய் தேத்தண்ணி இறங்காது எனக்கு."

"வந்திடும்தானே அண்ணை?"

"வரும். அது எனக்கும் தெரியும். இடையில எங்க எண்டதுதான் கேள்வி."

மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். மனைவியின் தாய் படுத்த படுக்கை, மனைவி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை. "அவள் ஊரிலதான் நிக்கிறாள், எனக்குத் தெரிஞ்ச இடம்" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம் அது. ஷெல் விழுகிற இடத்தில் மனைவி நிற்கிறார் என்று ஒருவர் நிம்மதியாக இருக்கலாமா? எனக்கு அந்த மனிதரில் விளங்காத கன விஷயங்களில் இதுவும் ஒன்று.

அவருக்கு வேலை ஒரு புரட்டஸ்தாந்துக் கோயிலைக் கூட்டித் துடைப்பது. சைவக்காரனுக்கு வேதக் கோயிலில் வேலை என்று நாங்கள் பகிடி பண்ணினோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அந்தக் கோயில். முன்னுக்குப் பழைய கல்லுக் கோபுரம், ஒரு பக்கம் கருகின நிறம். அதோடு ஒட்டி மஞ்சள் செங்கல்லில் பெட்டி மாதிரி ஒரு புதுக் கட்டிடம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, யாரோ பழைய தலையில் புதுத் தொப்பி வைத்தது போல. ஜெர்மன்காரன் போட்ட குண்டில் கோபுரத்தைத் தவிர மிச்சம் எல்லாம் போய்விட்டதாம்.

அவர் அங்கே வெறுங்காலோடுதான் வேலை செய்தார். காலையில் குளிக்காமல் போகமாட்டார். முன்னுக்கு ஒரு மரக் கிராதி, அதற்கு அப்பால் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை. அதுதான் மூலஸ்தானம் என்று தானாக முடிவெடுத்து, மச்சம் மாமிசம் சாப்பிட்ட நாளில் கிராதியைத் தாண்டமாட்டார். போதகர் அவரைப் பற்றி, இப்படி ஒரு சுத்தமான மனிதரைத் தான் கண்டதில்லை என்று சொல்வாராம்.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. "உள்ள ஒண்டும் இல்லைத் தம்பி. சிலையைச் சொல்லேல்லை, அவைக்குச் சிலை இல்லை, அது தெரியும். வேற என்னவோ இல்லை. ஆள் இல்லாத வீடு மாதிரி."

கோயில் வாசலில் ஒரு பித்தளைப் பலகை. அதில் இரண்டே வரி. இன்ன வருஷம் போரில் அழிந்தது, இன்ன வருஷம் மீண்டும் கட்டித் திறக்கப்பட்டது. கிழமைக்கு ஒருக்கால் அதை மினுக்குவது அவர் வேலை. அவருடைய இங்கிலீசு றெயில்வே இங்கிலீசு, ஆனால் வருஷம் வாசிக்கத் தெரியும். இரண்டு வரிக்கும் நடுவில் இரண்டு விரல் வைக்கிற இடைவெளி. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னுக்கு வந்து நின்று அந்த இரண்டு விரலையும் காட்டினார்.

"இதுக்குள்ள பன்னிரண்டு வருஷம் கிடக்குத் தம்பி. இடையில எங்க?"

"ஆர்?"

"ஆரோ? சாமி!"

வருஷத்தில் ஒருநாள் அந்தக் கோயிலைத் திறந்துவிட்டு, கேக் விற்று, வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்வார்கள். சரித்திரம் சொல்வது எண்பது வயது வெள்ளைக்கார அம்மா ஒருவர், கத்தரிப்பூ நிறத் தொப்பி, காதில் மெஷின். குண்டு விழுந்த காலத்தில் அவர் அதே தெருவில் இருந்தவராம். அண்ணை என்னை இழுத்துக்கொண்டு போனார். வீட்டில் இங்கிலீசு தெரிந்த ஆள் நான்தான். அதாவது, அப்படி நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் கொழும்பில் வளர்ந்தவன். போதாததற்கு இளவயதில் பெரிய முற்போக்கு. கோயில் வாசலை மிதிக்கமாட்டேன், தேர் போகிற தெருவால் போகமாட்டேன், திருவிழா நோட்டீஸ் தந்தால் வாசிக்காமல் கசக்கி எறிவேன். அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமைக்குத்தான் பிறகு அனுபவித்தேன்.

"கேளும் தம்பி," என்றார் அண்ணை, கையைக் கட்டிக்கொண்டு, பவ்வியமாக. "கோயில் இடிஞ்சு, திரும்பக் கட்டி முடியுமட்டும், பாலஸ்தாபனம் எங்க இருந்தது எண்டு கேளும்."

பால் ஸ்தாபனம். பால் விற்கிற இடம். இதை ஏன் இந்த மனுசன் கேட்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன்தான். ஆனால் கல்யாண வீடியோவில் காணாமல்போன தாலியைத் தேடுகிறவர் பாலைத் தேடமாட்டாரா? கோயில் இல்லாத காலத்தில் தெருச் சனம் பாலுக்கு என்ன செய்தது என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, என் அருமையான இங்கிலீசில், போர்க் காலத்தில் இங்கே பால் டிப்போ எங்கே இருந்தது என்று கேட்டேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பால் டிப்போவா! இவ்வளவு காலத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லையே!" என்றார். வாசலுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து தெரு மூலையைக் காட்டினார். "அதோ, அந்த மூலையில்தான்."

"அந்த மூலையிலதானாம் அண்ணை."

அண்ணை மூலையைப் பார்த்தார். அங்கே உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்று இருந்தது, காசு போட்டால் சுத்துகிற மெஷின்கள் வைத்த கடை.

"பாவம்," என்றார் அந்த அம்மா. "கோயில் போய் அடுத்த கிழமையே அதுவும் போய்விட்டது. நேராக அதன் மேலேயே விழுந்தது. குதிரை மட்டும் தப்பியது."

"அதுவும் அடுத்த கிழமை குண்டில போச்சுதாம். குதிரை மட்டும் தப்பினதாம்."

"என்ன?" அண்ணை என் கையைப் பிடித்தார். "குதிரை வாகனம் தப்பியிட்டுதோ?"

"வண்டி போச்சுது போல. குதிரை தப்பியிட்டுது."

அவர் கண் கலங்கிவிட்டது. பால்காரனின் குதிரைக்கு ஒருவர் அழுவாரா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த அம்மாவும் அவரைப் பார்த்துக் கலங்கிப்போனார். எவ்வளவு இரக்கமுள்ள மனிதர் என்றார் என்னிடம்.

"திரும்ப இஞ்ச, இந்தப் புதுக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்தவையோ எண்டு கேளும்."

கேட்டேன். அந்த அம்மா விழித்தார். "கோயிலுக்குள்ளேயா? இல்லையே. ஏன் கொண்டுவரவேண்டும்?"

"இல்லையாம் அண்ணை. ஏன் கொண்டுவர வேணும் எண்டு கேக்கிறா."

"அப்பிடிக் கேட்டவவோ?" என்றார் அண்ணை. கோயிலுக்குள்ளே திரும்பி அந்த வெறும் மேசையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதுதான் தம்பி. வந்த நாளிலயிருந்து நான் யோசிச்சனான். இது சரியாத்தான் இருக்கு."

எது சரியாக இருக்கிறது? எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கேக் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் வேலைக்குப் போக முதல் அந்த மூலையில் நிற்கத் தொடங்கினார். சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, காலுறையோடு நடைபாதையில் நின்று, உடுப்புத் தோய்க்கிற கடையை நோக்கிக் கும்பிடுவார். ஐந்து நிமிஷம். அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு ஜமேக்காக்காரப் பெண். கடை திறக்கக் காத்து நிற்கிற ஆள் என்று நினைத்து இரண்டு நாள் நேரத்துக்கே கதவைத் திறந்தாராம். பிறகு கும்பிடுகிற ஆள் என்று கண்டுகொண்டு, குளிர் காலம் வந்ததும் காலுக்கு ஒரு மிதியடி போட்டுவிட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்தான் அந்தப் பக்கத்தால் போகும்போதெல்லாம் மறு நடைபாதைக்கு மாறிவிடுவேன், எனக்கு வெட்கம்.

"என்னண்ணை இது, மெஷினைக் கும்பிடுறியள்?"

"மெஷினையோ? விசர்க் கதை கதையாதையும். நீர்தானே கேட்டுச் சொன்னனீர்?"

நான் என்ன சொன்னேன்? அவர் போய்விட்டார். வீட்டில் மற்றவர்கள், மனுசனுக்குத் தனிமையில் மூளை தட்டிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேலே போயிருக்கும். ஒரு சிநேகிதனின் பிள்ளைக்கு முப்பத்தொன்று, பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. பிறகு கோயிலுக்கும் போகவேண்டும் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கோயிலில் திருத்த வேலை. மூலஸ்தானத்தில் சுவாமியைக் காணவில்லை, பக்கத்து அறையில் ஒரு சின்னப் பலகைக் கொட்டிலுக்குள் வைத்துப் பூசை நடந்தது. சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கோயில் நோட்டீஸ் ஒன்றை முழுதாக வாசித்தேன். பாலஸ்தாபனம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இது என்ன, பாலுக்கும் இதுக்கும்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர் நீர்? பாலும் தயிரும் இல்லை ஐசே. கோயில் இடிச்சுக் கட்டுமட்டும் சாமியைச் சின்னதா ஒரு இடத்தில வச்சிருக்கிறது. கட்டி முடிய கும்பாபிஷேகம் செய்து திரும்ப உள்ளுக்குக் கொண்டுபோவினம். கொண்டுபோகாட்டிச் சாமி அங்கையேதான்."

நோட்டீஸைத் திரும்பவும் வாசித்தேன். ஐயோ கடவுளே! மூலையில் இருந்ததாம், குண்டில் போய்விட்டதாம், திரும்பக் கொண்டுவரவில்லையாம், ஏன் கொண்டுவரவேண்டும் என்று கேட்கிறாராம். இவ்வளவையும் என் வாயால்தானே சொன்னேன். நான் பால்காரனைச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் சாமியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நேரே போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக அப்படித்தான் வந்தேன். அவர் படிக்கட்டில் இருந்தார், கையில் டெலிபோன், கதைத்து முடிந்தும் கீழே வைக்காமல்.

"மாமி மோசம் போயிட்டாவாம் தம்பி. செத்தவீடு, காரியம் எல்லாம் முடிஞ்சுதாம். அவள் வெளிக்கிட்டிட்டாள்."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? மனைவி ஊரைவிட்டுப் புறப்பட்டுவிட்டார். கொழும்பிலிருந்து ஒரு டெலிபோன் வந்தது. மொஸ்கோவிலிருந்து ஒன்று. "குளிருது, வேற ஒண்டுமில்லை" என்றாராம். பிறகு ஒன்றுமே வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். ஆட்களைக் கூட்டிவருகிற ஏஜென்சிக்காரனைக் கேட்டால் "இடையில நிக்கினம் அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றான். உலகத்தில் எவ்வளவோ சொல் இருக்க அவனுக்கு அந்தச் சொல்தான் கிடைத்தது.

அண்ணை காலை ஐந்து நிமிஷம் நின்றது இப்போது அரை மணித்தியாலம் ஆனது. மாலையிலும் நின்றார். மழைக்கும் நின்றார். ஒருநாள் நான் மறு நடைபாதைக்கு மாறாமல் பக்கத்தில் போய் நின்றேன்.

"கோயிலுக்குள்ள இருக்கிற சாமிக்கு, வீடு வாசலோட இருக்கிற ஆக்களைப் பாக்கவே நேரம் காணாது தம்பி," என்றார், கண்ணைத் திறக்காமல். "இவர் இடையில நிண்டு குண்டும் வாங்கினவர். இன்னும் இடையிலதான் நிக்கிறார். அவளின்ர பாடு இவருக்குத்தான் தெரியும்."

சொல்லத் தொடங்கினேன். "அண்ணை, இந்த இடம் இருக்கெல்லே..."

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "ஏன், இதையும் இடிக்கப் போறாங்களோ?"

"இல்லை அண்ணை. மழை வரப்போகுது, அதுதான்."

குற்றம் தாங்காமல் நான் அந்த வெள்ளைக்கார அம்மாவைத் தேடிப் போனேன். அவர் இன்னும் தளர்ந்திருந்தார். இந்த முறை சரியாகக் கேட்டேன்: கோயில் இல்லாத பன்னிரண்டு வருஷமும் நீங்கள் எங்கே கும்பிட்டீர்கள்?

"எங்கள் வீடுகளில்தான்," என்றார். "ஒரு கிழமை ஒரு வீடு. எல்லோரும் ஆளுக்கொரு கதிரை தூக்கிக்கொண்டு தெருவால் போவோம். மேசை எரிந்துவிட்டதே, என் அம்மா துணி தேய்க்கிற ஸ்திரிக்கைப் பலகையில் வெள்ளைத் துணி விரித்தோம். ஒருமுறை ஜெபத்துக்கு நடுவில் அது மடிந்து விழுந்தது." சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உன்னுடைய சிநேகிதர் எப்படி இருக்கிறார், அந்தக் குதிரைக்காக அழுதவர்?"

உண்மையான பதில் இப்போது என் கையில் இருந்தது. கிழமைக்கு ஒரு வீடு, ஒரு ஸ்திரிக்கைப் பலகை. அதைக் கொண்டுபோய் அவரிடம் என்னவென்று கொடுப்பது? அண்ணை, நீங்கள் இவ்வளவு காலமும் பால்கடையைக் கும்பிட்டிருக்கிறியள், உங்கட மனுசியை ஒருத்தரும் பாக்கேல்லை என்றா? நான் சொல்லவில்லை. கோழை என்றால் கோழை.

மனைவி புறப்பட்டு ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலை டெலிபோன் அடித்தது. ஹீத்ரோ விமான நிலையத்தில் நிற்கிறாராம்.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகாமல் நின்றோம். படத்தில் பார்த்த பெண் அல்ல. பாதியாகிவிட்டார். முன்பல் ஒன்று இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். கதிரையைக் காட்டினால் இருக்கமாட்டார், நின்றபடி கெதியாகச் சாப்பிடுவார். யாராவது கதவைத் தட்டினால் பையை எடுத்துவிடுவார். பாண் துண்டுகளைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார் என்று ஒருநாள் அண்ணையே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "வைச்சிருக்கட்டும்" என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். இப்போது கேட்பார், இந்தா கேட்கப்போகிறார் என்று. ஒருநாள், ஒரு கிழமை, மூன்று கிழமை. எவரையும் விடாத மனிதர், கடித உறையை மணந்து பார்த்தவர், சொந்த மனைவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்களிடமும் கேட்பதை விட்டுவிட்டார். புதிதாக ஒருவன் வீட்டுக்கு வந்தான், மூன்று வருஷம் எங்கெங்கோ திரிந்துவிட்டு வந்தவன். அண்ணை அவனிடம், "சாப்பிட்டனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் கேட்டது நான். சனியன் பிடித்த வாய். ஒருநாள் சாப்பிடும்போது, பழக்க தோஷத்தில், அவரிடமிருந்தே தொற்றின பழக்கம், "மொஸ்கோவால வெளிக்கிட்டது போன வருஷத் தையெண்டால், இடையில எங்கக்கா?" என்றேன்.

அக்காவின் கை கோப்பையில் அப்படியே நின்றது. அண்ணை எழும்பிவிட்டார். அந்த மனிதர் குரல் உயர்த்தி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"உமக்கென்னத்துக்கு ஐசே அது? வந்திட்டாளெல்லே? மணி அடிச்சாச்சுது! பேசாமல் சாப்பிடும்!"

பயமா, பாசமா? தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று பயந்தாரா, சொல்லவைத்தால் அக்கா தாங்கமாட்டார் என்று விட்டாரா? அன்று முழுக்க யோசித்தேன். இன்று நானும் அவருடைய வயதைத் தாண்டிவிட்டேன், கலியாணம் கட்டி, என்னுடைய இடைக்காலத்தை மனைவிக்குச் சொல்லாமலே இருந்து பார்த்தும்விட்டேன். இன்னும் விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் ஷிப்ட் முடிந்து வரும்போது மூலையில் மிதியடிக்குப் பக்கத்தில் ஒரு சோடிப் பெண்கள் சப்பாத்து. அக்கா தனியாக நின்றுகொண்டிருந்தார். அண்ணை வேலைக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டப் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, நீங்கள்தானாம் அந்த வெள்ளைக்காரியிட்ட விசாரிச்சுச் சொன்னது. கோயில் இல்லாத நேரம் சாமி இதிலதான் இருந்தவராம். உண்மையோ?"

கடைக்குள்ளே மெஷின்கள் சுத்திக்கொண்டிருந்தன. யாருடையவோ சிவப்புப் போர்வை கண்ணாடிக்குள் ஏறி ஏறி விழுந்தது. நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது.

"ஏன் கேக்கிறன் எண்டால்," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "நான் வந்த அண்டே இவர் என்னை இதில கொண்டந்து விட்டவர். 'எனக்கு ஒண்டும் சொல்லவேண்டாம், சொல்லவேணும் எண்டு கிடந்தா இவருக்குச் சொல்லு, இவரும் இடையில நிண்டவர்' எண்டு சொல்லிப்போட்டு அங்கால போய் நிண்டவர். நான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுறன் தம்பி. பாதி சொல்லியிட்டன். மிச்சமும் சொல்லவேணும். அதுதான், ஆள் இருக்கோ எண்டு அறியவேணும் எனக்கு."

"ஓமக்கா," என்றேன். "இதிலதான் இருந்தவர்."

"குண்டு விழுந்ததும் உண்மையோ?"

"உண்மை."

"அந்தக் குதிரை?"

"தப்பியிட்டுது அக்கா."

அவர் சிரித்தார். வந்ததற்குப் பிறகு அன்றுதான் சிரித்தார், பல் இல்லாத இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. பிறகு திரும்பவும் கண்ணை மூடினார், உதடு அசையத் தொடங்கியது. நான் கேட்கக்கூடாத கதை என்று விலகி நடந்தேன்.

குண்டும் குதிரையும் உண்மை. அந்த இரண்டையும் நான் இரண்டு மொழியிலும் சரியாகத்தான் சொன்னேன்.